பெபேயாளும் பாப்பாத்தியம்மாளும்

ஒரு சமுதாயம் தன் மக்களுள் யாரை எவ்வாறு மதித்தது என்பதை அறிய வேண்டுமானால், அது எழுதி வைத்த புகழுரைகளைப் படிப்பதைக் காட்டிலும் அது சூட்டிய பெயர்களை ஆராய்வதே நன்று. புகழுரை விழா நாளில் எழுதப்படுவது. பெயரோ நாள்தோறும் வாயில் வழங்குவது. புகழுரையில் மிகைபடக் கூறலாம்; பெயரில் உள்ளது தானே வெளிப்பட்டு விடும்.

தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் மாதர் ஆற்றிய போதனைப் பணியை ஆராயப் புகுவோர்க்கும் இம்முறை பெரிதும் உதவும். பெண்கள் பிரசங்க பீடத்தில் ஏறலாமா, குருத்துவ அபிஷேகம் பெறலாமா என்னும் விவாதம் உலகெங்கும் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. விவாதிப்போர் இரு சாராரும் 'இனி என்ன செய்யலாம்?' என்பதையே பெரும்பாலும் பேசுகின்றனர். 'இதுவரை அவர்கள் செய்தது என்ன? அதற்குச் சபை வைத்த பெயர் என்ன?' என்பதைக் கேட்போர் சிலரே. இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை காண இரு பெண்மணிகளின் வரலாறு போதும். ஒருவர் முதல் நூற்றாண்டில் கிரேக்க நாட்டில் வாழ்ந்த பெபேயாள். மற்றவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பாளையங்கோட்டையில் வாழ்ந்த கிளாரிந்தா அம்மையார். மக்கள் வாயில் இவர் பெயர் பாப்பாத்தியம்மாள்.

ஒரு கிரேக்கச் சொல்லும் அதன் தமிழ் உருவங்களும்

புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம். அதில் 'தியாகொனோஸ்' என்றொரு சொல் உண்டு. பணி செய்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். நாளடைவில் அது சபையில் ஒரு பதவியின் பெயராகவும் ஆயிற்று. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 16ஆம் அதிகாரத் தொடக்கத்தில், கெங்கிரேயா ஊர்ச் சபையைச் சேர்ந்த பெபேயாளை அறிமுகப்படுத்தும்போது இச்சொல்லையே ஆள்கிறார். கெங்கிரேயா என்பது கொரிந்து நகரத்தின் துறைமுகம். அந்த நிருபத்தை ரோமாபுரிக்குக் கொண்டு சென்றவரே பெபேயாள்தான் என்பது வேத அறிஞர் பலர் கருத்து.

இதே சொல் பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்திலும் வருகிறது. அங்கே அது பதவியுடையோரைக் குறிக்கிறது. எபேசியர் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் பவுல் தம்மையே இச்சொல்லால் குறிக்கிறார். 1611இல் வெளிவந்த புகழ் பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு இம்மூன்று இடங்களையும் மூன்று விதமாகப் பெயர்த்தது. பிலிப்பியில் இருந்தவர்களுக்குப் பதவிப் பெயரை அளித்தது. பவுலுக்குக் குருமாரைக் குறிக்கும் சொல்லை அளித்தது. பெபேயாளுக்கு மட்டும் வேலையாளைக் குறிக்கும் சொல்லை அளித்தது. மூலத்தில் ஒன்றாயிருந்த சொல் ஆங்கிலத்தில் ஏணிப்படிகளாய்ப் பிரிந்தது. கடைசிப் படியில் பெண் நின்றாள்.

தமிழில் நிகழ்ந்தது சிறிது வேறு. சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறியதிலிருந்து தமிழில் பல மொழிபெயர்ப்புகள் தோன்றின. அவற்றுள் நெடுங்காலம் சீர்திருத்தச் சபைகளில் நிலைத்து, இன்றும் படிக்கப்படுவது 1871இல் பவர் ஐயரின் குழு முடித்த மொழிபெயர்ப்பேயாகும். பிலிப்பியில் உள்ளோர் அதில் 'உதவிக்காரர்' ஆயினர். பவுல் 'ஊழியக்காரன்' ஆனார். பெபேயாள் 'ஊழியக்காரி' ஆனார். இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பெபேயாளுக்குத் தர மறுத்த ஒன்றைத் தமிழ்க் குழுவினர் தந்து விட்டனர். அதாவது, பவுல் தமக்கு வைத்துக்கொண்ட அதே சொல்லின் பெண்பால் உருவத்தைத் தந்தனர். சொல்லளவில் இது நேர்மையான மொழிபெயர்ப்பு என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது அகராதி மட்டுமன்று. அதைக் கேட்கும் செவியும் ஆகும். தமிழில் 'காரி' என்னும் ஈறு வேலைக்காரி, கூலிக்காரி என்று வழங்கி வழங்கித் தாழ்ந்து போயிற்று. 'தேவ ஊழியக்காரர்' என்றால் எழுந்து நிற்கிற கூட்டம், 'ஊழியக்காரி' என்றால் பாத்திரம் துலக்குபவரை நினைத்துக்கொள்கிறது. மொழிபெயர்த்தவர் சமமாகவே கொடுத்தார். கேட்டவர் சமமாக வாங்கிக்கொள்ளவில்லை.

பிலிப்பியர் நிருபத்தின் அதே வசனத்தில் உதவிக்காரருக்கு முன்னே நிற்போர் 'கண்காணிகள்'. அத்தியட்சர் எனப்படும் பிஷப்பைக் குறிக்க வந்த சொல் அது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று ஆள் கணக்கெடுத்த கங்காணியை நாள்தோறும் கண்ட ரப்பர்த் தோட்டத்து மக்களுக்கு, அச்சொல் வாசிக்கப்படும்போது மனத்தில் எவ்வுருவம் எழுந்திருக்கும்? மேலே நின்று கண்காணிப்பவன் ஆண். குனிந்து ஊழியம் செய்பவள் பெண். வேதத்தில் இல்லாத படிநிலையைத் தோட்டத்து வாழ்க்கை அந்தச் சொற்களுக்குள் புகுத்தி விட்டது.

1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இக்குறையைப் பெரும்பாலும் நீக்கியது. பிலிப்பியில் இருந்தோரையும் பெபேயாளையும் அது 'திருத்தொண்டர்' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. தமிழர்க்கு இது புதிய சொல் அன்று. பெரிய புராணத்துக்குச் சேக்கிழார் இட்ட பெயர் திருத்தொண்டர் புராணம். அதில் காரைக்காலம்மையார் இடம் பெறுகிறார். கோயில்களில் நாயன்மார் திருவுருவங்கள் வரிசையாக நிற்க, அம்மையார் மட்டும் அமர்ந்த கோலத்தில் காட்சி தருவார். பன்னிரு ஆழ்வாருள் ஆண்டாளும் ஒருவர். ஆகவே, பெண் ஒருத்தி பக்தியைக் கற்பிப்பதும், அவள் சொல்லை ஆண்கள் ஓதுவதும் தமிழ் மண்ணுக்கு ஒவ்வாதவை என்பார் கூற்று நிலைபெறாது. சபையில் பெண் பேசுவது மேல்நாட்டுப் பழக்கம் என்று சொல்வோர் தங்கள் நாட்டை மறந்து பேசுகின்றனர்.

பாளையங்கோட்டையில் நடந்தது

இனிக் கிளாரிந்தா அம்மையாரிடம் வருவோம். தஞ்சாவூரைச் சேர்ந்த இவர் அந்தணர் குலத்துக் கைம்பெண். லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்தார். அவரிடமிருந்து கிறிஸ்தவ சமயத்தை அறிந்தார். தஞ்சையிலிருந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வேண்டினார். முறையான மணமின்றி வாழ்கிறார் என்னும் காரணத்தால் ஐயர் அப்போது மறுத்தார். அதிகாரி இறந்த பின், 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் பெயர்கள் உள்ளன. அவற்றுள் முதற்பெயர் கிளாரிந்தாவுடையது. அவர்கள் பல சாதிகளிலிருந்து வந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தக் கிறிஸ்தவ வரலாறு இந்த நாற்பது பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறது. அம்மையார் தம் பொருளைச் செலவிட்டு ஒரு கோயில் எழுப்பினார். ஆங்கிலேயர் சிலரும் உதவினர். 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் வந்து அதனைப் பிரதிஷ்டை செய்தார். பின்னர்ச் சபையைக் கவனிக்கச் சத்தியநாதன் என்னும் உபதேசியாரை அனுப்பினார். சத்தியநாதன் 1790இல் குருத்துவ அபிஷேகம் பெற்றார்.

இந்த ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெற்றென விளங்கும். ஞானஸ்நானம் பெற்றது 1778. கோயில் பிரதிஷ்டையானது 1785. சபைக்கு அனுப்பப்பட்ட உபதேசியார் குருவானது 1790. சுவார்ட்ஸ் ஐயர் வாழ்ந்ததோ தஞ்சாவூரில். அந்நாளில் தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வருவது பல நாட் பயணம். இடைப்பட்ட காலத்தில் நாற்பது பேரை ஒரு கூட்டமாகச் சேர்த்து வைத்தவர் யார்? பல சாதியாரை ஒரே கூரையின் கீழ் அமர்த்தியவர் யார்? கோயில் கட்டியது செங்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிய செய்தி மட்டும் அன்று. கூடுவதற்கு ஆள் இல்லாத இடத்தில் எவரும் கோயில் கட்டுவதில்லை. சபை முதலில் கூடியது. பிறகே கோயில் எழுந்தது. அதற்கும் பிறகே குரு வந்தார். இதைச் செய்த அம்மையாரைக் 'கோயில் கட்டிக் கொடுத்த சீமாட்டி' என்று சொல்லி முடிப்பது, ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கிப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொன்னவரைக் 'கட்டட நன்கொடையாளர்' என்று சொல்வதை ஒக்கும்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். அம்மையார் தாமே பிரசங்கம் செய்தார் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பர். உபதேசியார்களும் அவருடன் இருந்தனர் அன்றோ என்பர். நியாயமான கேள்வியே. பீடத்தின்மேல் நின்று மணிக்கணக்காகப் பேசுவதே பிரசங்கம் எனின், அதற்குச் சான்று கூற இயலாது. ஆனால் ஒரு சபையைப் பெற்று வளர்ப்பது மணி அடித்தபின் நடக்கும் சொற்பொழிவு மட்டுமா? விசாரிப்பது, கற்பிப்பது, சேர்ப்பது, வழக்குத் தீர்ப்பது, துன்பத்தில் துணை நிற்பது ஆகிய எல்லாம் சேர்ந்ததே ஊழியம். ஆண் செய்தால் இவை அனைத்தும் 'ஊழியம்' என்று எண்ணப்படுகின்றன. பெண் செய்தால் 'உதவி' என்று ஒதுக்கப்படுகின்றன.

அப்போஸ்தலர் ஒருவர், தாய் ஒருவர்

இப்போது பெயர்களைப் பார்ப்போம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் அரும்பணி ஆற்றியவர். அவரைத் 'திருநெல்வேலியின் அப்போஸ்தலர்' என்று வரலாற்றாசிரியர் போற்றுவர். அது தகும். ஆனால் அவர் வருவதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னே பதிவேட்டின் முதல் வரியில் நின்றவருக்கு வழங்கிய பெயர் என்ன? 'பாப்பாத்தியம்மாள்.' அவர் எழுப்பிய கோயில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்'. அன்போடு சொல்வோர் 'சபையின் தாய்' என்பர்.

இவ்விரு பெயர்களையும் உரசிப் பார்க்க வேண்டும். 'அப்போஸ்தலர்' என்பது பணியின் பெயர். 'தாய்' என்பது உறவின் பெயர். 'பாப்பாத்தி' என்பது சாதியின் பெயர். பணி செய்த ஆணுக்குப் பணியால் பெயர் அமைந்தது. பணி செய்த பெண்ணுக்கோ, அவர் விட்டு வந்த சாதியே பெயராய் நிலைத்தது. சாதியை மறந்து கூடிய ஒரு சபை, தன்னைக் கூட்டியவரையே சாதிப் பெயரால் நினைவு கூர்ந்தது எத்தகைய முரண்! பிற்காலத்தில் அக்கோயில் கிளாரிந்தா ஆலயம் என்று அவருடைய ஞானஸ்நானப் பெயரால் அழைக்கப்படலானது ஆறுதலே. ஆயினும் அப்பெயரும் அவர் கட்டியதைச் சொல்கிறதேயன்றி, அவர் செய்ததைச் சொல்லவில்லை.

மற்றொன்றும் கூற வேண்டும். கிளாரிந்தாவின் பெயராவது மிஞ்சியது. அவருக்குக் குலமும் பொருளும் ஆங்கிலேயர் பழக்கமும் இருந்தன. அந்த நாற்பது பேர் பட்டியலில் இருந்த ஏனைப் பெண்களை இன்று யார் அறிவர்? ஆகவே கிளாரிந்தாவைப் போற்றுவதோடு நின்று விட்டாலும் ஆராய்ச்சி குறைபட்டதேயாகும். பணமும் குலமும் உடைய பெண்ணின் பெயரே பாதி அழிந்ததாயின், அவை இல்லாத பெண்ணின் பெயர் எங்ஙனம் நிலைக்கும்?

நாவலாசிரியர் கண்டது

வியப்புக்குரிய செய்தி, இந்த அம்மையாரை முழு மனுஷியாக முதலில் தீட்ட முயன்றவர் சபைக்குப் புறத்தே நின்ற ஒருவர் என்பது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா 1915இல் 'கிளாரிந்தா' என்னும் நாவலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பின்னர்ச் சரோஜினி பாக்கியமுத்து அதனைத் தமிழாக்கினார். மாதவையா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவர், இந்து சமயத்தவர், பெண்களின் துன்பத்தைக் கண்டு மனம் நொந்தவர். அவர் கையில் கிளாரிந்தா படிப்பும் அறிவும் துணிவும் உடைய பெண்ணாக உயிர் பெற்றார். மிஷன் வரலாறுகளில் ஞானஸ்நான மறுப்பு ஒரு குறிப்பாகக் கிடக்க, நாவலில் அது ஒரு மனத்தின் வேதனையாயிற்று. இது நாவலின் வெற்றி.

ஆயினும் குறையும் உண்டு. மாதவையாவின் மனம் பற்றி நின்றது கைம்மைக் கொடுமையிலும் ஆங்கில அதிகாரியோடு அமைந்த அன்பிலும். சீர்திருத்தவாதியாகிய அவர்க்கு அதுவே முதன்மையாகத் தோன்றியது இயல்பு. அதனால் சபை கூட்டிய கிளாரிந்தா, காதலும் துயரமும் கொண்ட கிளாரிந்தாவின் நிழலில் ஒதுங்கி விட்டார். மிஷன் நூல்கள் அவரை நன்கொடையாக்கின. நாவல் அவரைக் கதைத்தலைவி ஆக்கியது. ஊழியர் என்ற உருவம் இரண்டிலும் முழுமை பெறவில்லை.

இந்நிலை கிளாரிந்தா ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஜான் தேவசகாயம் ஐயரின் மகளும் டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயரின் மனைவியுமான அன்னாள் அம்மையார், சென்னையில் பெண்கள் பள்ளிகளை நடத்தினார். வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாதரை நாடிச் சென்று கற்பித்தார். 'நல்ல தாய்' என்னும் நூலும் எழுதினார். 1878இல் மறைந்த அவருக்கு நிலைத்த பெயர் 'ஐயரின் மனைவி' என்பதே. ஏமி கார்மைக்கேல் அம்மையாருடன் ஊர் ஊராய்ச் சென்று போதித்த தமிழ்ப் பெண்களின் குழுவில் பொன்னம்மாள் என்னும் கைம்பெண் முதன்மையானவர்; 1915இல் இறந்தார். அவர் வரலாற்றைத் தனி நூலாக எழுதியவர் கார்மைக்கேல் அம்மையார்தாம். பெண்ணின் பணியைப் பதிய ஒரு பெண் வேண்டியிருந்தது.

மலாயாவுக்கு வந்தபோது

தமிழர் கடல் கடந்து மலாயாவுக்கு வந்தபோது சமயமும் உடன் வந்தது. திருநெல்வேலி, நாகர்கோவில், தஞ்சாவூர்ச் சீமைகளிலிருந்து தோட்டத்துக்கும் ரயில்வேக்கும் வந்தோரில் கிறிஸ்தவரும் இருந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தோர் குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்தன. யாழ்ப்பாணத்தில் 1824இலேயே உடுவில் மகளிர் பாடசாலை தொடங்கியிருந்ததால், எழுதப் படிக்கத் தெரிந்த மாதர் பலர் அக்குடும்பங்களில் இருந்தனர். ஈப்போவில் சிலிபின் லூர்து மாதா கோயில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கு உறைவிடமாயிற்று. மெதடிஸ்து சபையார் 1895இல் ஈப்போவில் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினர்.

மெதடிஸ்து சபையின் மகளிர் பணி இந்நாட்டுப் பக்கத்தில் தொடங்கியதே தமிழ்ப் பெண்களிடம் என்பது பலர் அறியாதது. 1887இல் சிங்கப்பூருக்கு வந்த சோபியா பிளாக்மோர் அம்மையார், இந்திய வணிகர் உதவியோடு, ஒன்பது பெண் பிள்ளைகளைச் சேர்த்துத் 'தமிழ்ப் பெண்கள் பள்ளி'யை ஒரு கடை வீட்டில் தொடங்கினார். அதுவே பின்னர்ப் பெரிய மெதடிஸ்து மகளிர் பள்ளியாக வளர்ந்தது. இங்கும் பெண்ணுக்கு வழி திறந்தது பள்ளிக்கூடத்தின் வாயிலாகவே. பீடம் மூடியிருந்தது, வகுப்பறை திறந்திருந்தது.

லண்டனில் எல்லன் ரான்யார்டு அம்மையார் 1857இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, வீடு வீடாகச் சென்று வேதம் வாசித்துக் காட்டும் பெண்களை மிஷன்கள் எங்கும் அமர்த்தின. 'பைபிள் அம்மா' என்பது அவர்களுக்குக் கிடைத்த பெயர். இது பதவிப் பெயரும் அன்று. கையில் இருந்த புத்தகத்தின் பெயர்.

பேராவின் தோட்டங்களில் நிலைமை எவ்வாறிருந்தது? சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டங்கள் சிதறிக் கிடந்தன. ஐயர் நகரத்தில் இருப்பார். ஒரு தோட்டத்துக்கு அவர் வரும் நாள் அரிதாகவே அமையும். மற்ற நாட்களில் லயத்து வீட்டில் விளக்கேற்றி, பிள்ளைகளைக் கூப்பிட்டு, பாட்டெடுத்து, ஜெபம் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மாலையில் சமைத்து முடித்து, அதன் பின்னரே அவர்கள் இப்பணியைச் செய்தனர். சயாம் ரயில் பாதைக்கு ஆண்கள் கொண்டு போகப்பட்ட ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1945 வரை, லயத்து ஜெபம் அணையாதிருந்த வீடுகளில் அதைக் காத்தவர் யார் என்று விளக்க வேண்டியதில்லை. அதே காலத்தில், 1943இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினர். போர்க்களத்துக்குப் பெண் தகுவாள் என்று கண்ட சமுதாயம், பிரசங்க பீடத்துக்கு அவள் தகுவாளா என்று இன்னும் நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தது.

தடையும் விடையும்

தடை சொல்வோர் காட்டும் வசனங்கள் இரண்டு. ஒன்று கொரிந்தியர் முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்திலும், மற்றொன்று தீமோத்தேயு முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்திலும் உள்ளன. சபையில் பெண் பேசாமலிருக்க வேண்டும், உபதேசிக்கலாகாது என்பன அவற்றின் கருத்து. இவற்றை இல்லை என்று மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அதே கொரிந்தியர் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பவுல் விதிக்கிறார். பேசவே கூடாதவளுக்குப் பேசும்போது எப்படி இருக்க வேண்டும் என்று விதி எதற்கு? அப்போஸ்தல நடபடிகளில் பிரிஸ்கில்லாள் தம் கணவரோடு சேர்ந்து, கல்வியில் வல்ல அப்பொல்லோவுக்கே போதிக்கிறார். ரோமர் 16ஆம் அதிகாரத்தில், யூனியாவைப் பெண்ணாகக் கொண்டால், பெபேயாளோடு பத்துப் பெண்கள் குறிக்கப்படுகின்றனர். அவர்களுள் நால்வரை மிகவும் பாடுபட்டு உழைத்தவர்கள் என்று பவுல் பாராட்டுகிறார். ஒரு சபையின் குழப்பத்துக்குச் சொன்ன மருந்தை எல்லாச் சபைக்கும் எக்காலத்துக்கும் உணவாக்குவது முறையா என்பதே கேள்வி.

சபைகள் இக்கேள்விக்கு ஒரே விடை கூறவில்லை. அமெரிக்க மெதடிஸ்து சபை 1956இல் பெண்களுக்கு முழுக் குருத்துவ உரிமை அளித்தது. மலேசிய மெதடிஸ்து சபையிலும் பெண்கள் அபிஷேகம் பெறுகின்றனர். 1947இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபை 1976இல் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு அபிஷேகம் செய்தது. 2013இல் புஷ்ப லலிதா அம்மையார் அதன் முதற்பெண் பேராயராக நந்தியால் திருமண்டலத்துக்கு நியமனம் பெற்றார். கத்தோலிக்கத் திருச்சபையோ, இயேசு ஆண்களையே அப்போஸ்தலராகத் தெரிந்தார் என்னும் காரணங்காட்டி, பெண்களுக்குக் குருத்துவம் அளிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று 1994இல் உறுதிபட அறிவித்தது. அதே திருச்சபை 2016இல் மகதலா மரியாவின் நினைவு நாளை அப்போஸ்தலர் நாட்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தியது. உயிர்த்தெழுந்த செய்தியை முதலில் சீடருக்கு அறிவித்தவர் என்பதே அதற்குக் காரணம். அபிஷேகத்தில் மாறுபடுவோரும் உண்மையான பெயரைச் சூட்டுவதில் ஒன்றுபடலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

நூற்றாண்டு மலர்கள்

இனி இக்கட்டுரையின் பயன் யாது? பேராவில் உள்ள சபைகள் வெள்ளி விழா, பொன்விழா, நூற்றாண்டு விழா என்று மலர்கள் வெளியிடுவது வழக்கம். அத்தகைய மலர் ஒன்றைக் கையில் எடுப்பவர் காண்பது என்ன? முதற் பக்கங்களில் ஐயர்மார் படங்கள், அவர்கள் வந்த ஆண்டு, போன ஆண்டு. பின்னர் நிர்வாகக் குழுவினர். கடைசிப் பக்கங்களில் 'மாதர் சங்கம்' என்று ஒரு கூட்டுப் படம். அதன் கீழே பெயர்கள் இருந்தால், அவை 'திருமதி' என்பதை அடுத்துக் கணவர் பெயர்களாகவே இருக்கும். மாதம் ஒரு முறை வந்த ஐயரின் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்தியவரின் சொந்தப் பெயர்கூட இல்லை. 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர் முதல் வரியில் இருந்தது. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த மலர்களில் அது கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று. இதை வளர்ச்சி என்பதா?

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்து விட்டன. லயங்களில் ஜெபம் நடத்திய மாதர் பலர் மறைந்தனர். எஞ்சியோர் பூந்தோங்கிலும் மற்றப் புறநகர்களிலும் முதுமையில் வாழ்கின்றனர். அவர்கள் நினைவில் உள்ளதைக் கேட்டு எழுத இன்னும் சிறிது காலமே உண்டு. எந்தத் தோட்டத்தில், எந்த வீட்டில், யார் கூட்டம் நடத்தினார், யாருக்கு வேதம் வாசிக்கக் கற்பித்தார், எத்தனை ஆண்டு என்று எழுதிக்கொள்வதற்கு இறையியல் பட்டம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். வாலிபர் சங்கத்தாரோ ஞாயிறு பள்ளி மாணவரோ இதைச் செய்யலாம்.

பெண்கள் பீடத்தில் ஏறலாமா என்பதை அந்தந்தச் சபை தன் மனச்சாட்சிக்கும் வேத விளக்கத்துக்கும் ஏற்பத் தீர்மானித்துக்கொள்ளட்டும். ஆனால் அவர்கள் இதுவரை ஊழியமே செய்யவில்லை என்பது போல அவ்விவாதத்தைத் தொடங்குவது பொய்க் கணக்கில் வழக்காடுவதாகும். பவுல் தம் நிருபத்தின் முடிவில் வாழ்த்துச் சொன்னபோது பெண்களின் பெயர்களைச் சொல்லி, அவர்கள் செய்ததையும் சொன்னார். அவர் பெயரால் பெண்களுக்குத் தடை கூறுவோர், இந்த ஒரு செயலிலாவது அவரைப் பின்பற்றுவார்களாக.